வீடு மாறிய விண்டோஸ்

ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு இன்னொரு வீட்டுக்குக் குடி போவதென்றால் எத்தனை வேலைகள்! பாத்திரம் பண்டங்கள், பீரோ, கட்டில், பூஜை சாமான் எல்லாம் ஒரு லாரியில் ஏறிவிடும். ஊறுகாய் ஜாடியைக் கூட மடியில் வைத்துக்கொண்டு பத்திரமாகக் கொண்டு போய் விடலாம். ஆனால் சமையல் காஸ் இணைப்பு மட்டும் அப்படி வராது. பழைய ஏஜென்ஸியில் சொல்லி, மாற்றல் சீட்டு வாங்கி, புதிய ஏஜென்ஸியில் பதிவு செய்தால்தான் அடுத்த ஸிலிண்டர் வாசலில் வந்து இறங்கும். அடுப்பு நம்முடையதுதான், சமைக்கிறவளும் அதே ஆள்தான். ஆனாலும் விலாசம் மாறிவிட்டதே!

கம்ப்யூட்டர் விஷயத்திலும் இதே சங்கடம் உண்டு. பழைய பெட்டியிலிருந்த விண்டோஸை அப்படியே தூக்கிப் புதிய இடத்தில் வைத்தால், மறுநாள் காலையில் திரையின் வலது மூலையில் மங்கலான எழுத்தில் ஓர் அறிவிப்பு: "விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்." 'காசு கொடுத்து வாங்கியது தானே? இப்போது மறுபடியும் பணம் கேட்கிறதா?' என்று வயிற்றைக் கலக்கும். கலங்க வேண்டியதில்லை. எப்போது மறுபடி பணம் கட்ட வேண்டும், எப்போது வேண்டாம் என்பதற்குத் திட்டமான விதிகள் இருக்கின்றன. அவை தெரியாததனால்தான் பலர் வீண் செலவு செய்கிறார்கள். சிலர் போலிகளிடம் ஏமாந்தும் போகிறார்கள்.

பெட்டிக்குள் ஒரு பெட்டி

'விர்ச்சுவல் மெஷின்' என்ற பெயரைக் கேட்டதும் ஏதோ விஞ்ஞானிகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். உங்கள் புதிய கம்ப்யூட்டருக்குள், ஒரு ஜன்னலுக்குள் அடங்கியதாக, இன்னொரு கம்ப்யூட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு வன்தட்டு உண்டு. அது உண்மையில் பெரிய ஃபைல் ஒன்றுதான். நெட்வொர்க் கார்டு உண்டு; அதுவும் வெறும் பாவனை. ஆனால் உள்ளே குடியிருக்கும் விண்டோஸுக்கு அந்தப் பாவனை தெரியாது. நிஜப் பெட்டியில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும்.

யோசனை புதிதல்ல. 1960களிலேயே அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியார் ஒரே பெரிய யந்திரத்தைப் பல யந்திரங்களாகப் பாவித்துப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்க வழி கண்டார்கள். 1972இல் அதை வி.எம்.370 என்ற பெயரில் வியாபாரத்துக்கே கொண்டு வந்தார்கள். சாதாரண மேஜைக் கம்ப்யூட்டருக்கு இந்த வித்தை வந்தது 1999இல், வி.எம்.வேர் என்ற கம்பெனி மூலம். 2007இல் வெளியான விர்ச்சுவல் பாக்ஸ் வீடுகளுக்குள்ளும் அதைக் கொண்டு வந்தது. அதன் மூலப் பகுதியை இலவசமாகவே பெறலாம். விண்டோஸ் புரொபஷனல் வைத்திருப்பவர்களுக்கு ஹைபர்-வி என்ற வசதி விண்டோஸுடனேயே வருகிறது.

சரி, குடும்பஸ்தர்களுக்கு இது எதற்கு?

ஒரு வீட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அந்த வீட்டு மாமியார் பல வருஷங்களாக அப்பளம், வடாம், ஊறுகாய் போட்டு விற்று வருகிறார். வரவு செலவு, யார் யார் எவ்வளவு பாக்கி, எந்தக் கல்யாண வீட்டுக்கு எத்தனை கிலோ என்பதெல்லாம் பழைய கம்ப்யூட்டரில் ஒரு கணக்குப் புரோகிராமில் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்த பையன் இப்போது எங்கே இருக்கிறானோ தெரியாது. புரோகிராமின் தகடும் எப்போதோ காணாமல் போயிற்று. இந்தச் சமயத்தில் பெரிய அரைவை யந்திரம் வாங்கக் கடன் கேட்டால், பாங்கிலே மூன்று வருஷக் கணக்கைக் கொண்டு வரச் சொல்கிறார்கள். பெட்டியோ, தினம் காலையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் உயிர் பெறுகிறது. போதாக்குறைக்கு, அதிலிருக்கும் விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கம்பெனியின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மாற்றலாமென்றால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. பழைய பெட்டியில் அது இல்லை.

மருமகள் ஒரு புதிய லாப்டாப் வாங்கியிருக்கிறாள்.

"புதுசு வந்தாச்சு. என் கணக்கு எங்கேடி?" என்கிறார் மாமியார்.

"பழைய பெட்டியை அப்படியே இதற்குள்ளே குடி வைத்துவிடலாம், அம்மா."

"அப்படியே என்றால்?"

"அப்படியே. நீங்கள் திரையிலே வைத்திருக்கிற பிள்ளையார் படம் உள்பட!"

மருமகள் சொன்னது சரிதான். பழைய வன்தட்டில் உள்ளது முழுவதையும் ஒரே ஃபைலாக நகல் எடுத்து, புதிய லாப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷினாக ஓட்டலாம். கணக்குப் புரோகிராமுக்கு வீடு மாறியதே தெரியாது. தெரிந்துகொண்டு கேள்வி கேட்பது விண்டோஸ் ஒன்றுதான்.

முகம் பார்த்து அடையாளம்

விண்டோஸ் ஏன் கேட்கிறது? 2001இல் விண்டோஸ் எக்ஸ்.பி. வந்தபோது ஆரம்பித்த வழக்கம் இது. ஒருவர் வாங்கிய ஒரு தகட்டை ஊரெல்லாம் போட்டுக்கொள்வதைத் தடுப்பதற்காக மைக்ரோசாப்ட் 'ஆக்டிவேஷன்' என்ற ஏற்பாட்டைச் செய்தது. உங்களிடமுள்ள 25 எழுத்துச் சாவியையும், உங்கள் பெட்டியின் அடையாளத்தையும் சேர்த்துக் கம்பெனியில் பதிந்துகொள்கிறார்கள். எக்ஸ்.பி. காலத்தில் ப்ராசஸர், வன்தட்டு, நெட்வொர்க் கார்டு, நினைவகம் என்று பத்து அங்கங்களைப் பார்த்து அந்த அடையாளத்தைக் கணித்தார்கள். ஒன்றிரண்டு அங்கம் மாறினால் மன்னிப்பு உண்டு. மூக்குத்தி மாற்றியதற்காக யாரும் ஆளே வேறு என்று சொல்வதில்லையே! பல அங்கங்கள் சேர்ந்து மாறினால்தான் சந்தேகம் வரும்.

இப்போதைய விண்டோஸ் 10, 11 இரண்டிலும் முக்கியமாக மதர்போர்டைத்தான் பெட்டியின் முகமாகப் பாவிக்கிறார்கள். நினைவகத்தைக் கூட்டினாலோ வன்தட்டை மாற்றினாலோ பெரும்பாலும் தொல்லை இராது. மதர்போர்டு மாறினால் அது வேறு பெட்டி.

விர்ச்சுவல் மெஷினுக்குக் குடி போகும்போது என்ன ஆகிறது? தலை முதல் கால் வரை எல்லா அங்கமும் மாறிவிடுகிறது! மதர்போர்டு பாவனை, வன்தட்டு பாவனை. நெட்வொர்க் கார்டின் எண்ணைப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். விர்ச்சுவல் பாக்ஸ் தன் கார்டுகளுக்கெல்லாம் 08-00-27 என்று தொடங்கும் எண்ணைத்தான் வழக்கமாகக் கொடுக்கிறது. ஆகவே விண்டோஸ், "இது நான் இருந்த வீடு இல்லை" என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன?

அப்படிச் சொல்லிவிட்டு என்ன செய்யும்? கதவைப் பூட்டிவிடுமா? விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அவ்வளவு கடுமை இல்லை. மூலையில் அந்த அறிவிப்பு தொங்கும். செட்டிங்ஸ் பக்கத்தில் திரைப்படம், வர்ணம் முதலிய அலங்காரங்களை மாற்ற விடாது. ஆனால் உங்கள் ஃபைல்கள் திறக்கும், கணக்கு ஓடும், அச்சும் அடிக்கலாம். ஆகவே அறிவிப்பைக் கண்டதும் கையைக் காலை உதறிக்கொண்டு கிடைத்த இடத்தில் சாவி வாங்க ஓட வேண்டாம். நிதானமாக யோசிக்கப் போதிய அவகாசம் இருக்கிறது.

மூன்று ஜாதி லைசென்ஸ்

மாற்றிக்கொள்ள உரிமை உண்டா இல்லையா என்பது, விண்டோஸ் உங்களுக்கு எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்தது. வழிகள் மூன்று.

முதலாவது, சில்லறை லைசென்ஸ். 'ரீடெய்ல்' என்பார்கள். விண்டோஸை மட்டும் தனியாக, முழு விலை கொடுத்து வாங்கியது. இதை உங்களுக்குச் சொந்தமான இன்னொரு பெட்டிக்கு மாற்றலாம். பழைய பெட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. பெட்டி நிஜமா, விர்ச்சுவலா என்ற பேதம் கிடையாது. ஒரு லைசென்ஸுக்கு ஒரு இடம்; அவ்வளவுதான்.

இரண்டாவது, ஓ.இ.எம். லைசென்ஸ். லாப்டாப்போ கம்ப்யூட்டரோ வாங்கும்போதே உள்ளே வந்த விண்டோஸ் இந்த வகை. இது அந்தப் பெட்டியோடு பிறந்தது. அந்தப் பெட்டியோடேயே முடிந்துவிடும். பெட்டியை விற்றால் கூடவே போகும். ஆனால் வேறு பெட்டிக்கு வராது. 2012இல் விண்டோஸ் 8 வந்த பிறகு, பெரிய கம்பெனிகள் இந்தச் சாவியை மதர்போர்டுக்குள்ளேயே எழுதி வைத்து விடுகிறார்கள். வெளியே ஸ்டிக்கர் கூட இராது.

மூன்றாவது, ஆபீஸ்களும் கல்லூரிகளும் மொத்தமாக வாங்கும் 'வால்யூம்' லைசென்ஸ். ஆபீஸில் கொடுத்த லாப்டாப்பில் இருப்பது பெரும்பாலும் இதுதான். அது ஆபீஸின் சொத்து. வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசையே வேண்டாம்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அங்கம் அங்கமாக வாங்கிப் பூட்டிய பெட்டி என்றால், விண்டோஸையும் தனியாகத்தானே வாங்கினோம், அது சில்லறைதானே என்று தோன்றும். அவசியம் அப்படி இருக்க வேண்டுமென்பதில்லை. பெட்டி பூட்டிக் கொடுப்பவர்களுக்கென்று சற்றுக் குறைந்த விலையில் ஓ.இ.எம். தகடும் உண்டு. உறையிலே 'ஓ.இ.எம்.' என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். உறையைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டீர்களா? பாதகமில்லை, பெட்டியையே கேட்கலாம்.

பெயரிலேயே எம்.ஜி.ஆர்.!

எதையும் மாற்றுவதற்கு முன்னால், பழைய பெட்டி உயிரோடு இருக்கும்போதே, மூன்று காரியங்களைச் செய்துவிட வேண்டும்.

முதல் காரியம், லைசென்ஸ் எந்த ஜாதி என்று பார்ப்பது. விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கினால் ஒரு சிறு கட்டம் வரும். அதில் ஆங்கில எழுத்தில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்று சேர்த்து அடியுங்கள். ஆமாம், பெயரிலேயே எம்.ஜி.ஆர். இருக்கிறார், மறக்கவே மறக்காது! ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, டி, எல், ஐ என்று அடித்து என்ட்டர் தட்டுங்கள். சில விநாடிகளில் ஒரு சீட்டு தோன்றும். அதில் 'ரீடெய்ல்' என்று இருக்கிறதா, 'ஓ.இ.எம்.' என்று இருக்கிறதா, 'வால்யூம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். சாவியின் கடைசி 5 எழுத்துக்களும் அங்கே இருக்கும். வீட்டிலே பல ரசீதுகளும் பல சாவிகளும் கலந்து கிடந்தால், எது எந்தப் பெட்டியினுடையது என்று கண்டுபிடிக்க இந்த ஐந்து எழுத்து போதும்.

இரண்டாவது காரியம், 25 எழுத்துச் சாவியைத் தேடி எழுதி வைத்துக்கொள்வது. ஸ்டிக்கர் மங்கிப் போயிருந்தால் ஒரு சூட்சுமம் சொல்கிறேன். மைக்ரோசாப்ட் சாவிகளில் குழப்பம் தரும் எழுத்துக்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். 0, 1, 5 ஆகிய எண்கள் வராது. ஏ, ஈ, ஐ, ஓ, யு என்ற ஆங்கில உயிரெழுத்துக்களும் வராது. எல், எஸ், இஸட் மூன்றும் வராது. ஆகவே வட்டமாக ஒன்று தெரிந்தால் அது பூஜ்யமோ ஓவோ அல்ல. டி, ஜி, கியூ இவற்றில் ஒன்றாக இருக்கும். 8க்கும் பி எழுத்துக்கும் மட்டும் பூதக்கண்ணாடி வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது காரியம்தான் மிகவும் முக்கியம். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'டிஜிட்டல் லைசென்ஸ் உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்டுடன் இணைக்கப்பட்டிருக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே அக்கவுண்டைச் சேர்த்துவிடுங்கள். 2016இல் வந்த வசதி இது. பின்னால், "இது என் பழைய பெட்டிதான்" என்று ஆதாரம் காட்டப் போவது இந்த இணைப்புத்தான். பெட்டி கண்ணை மூடிய பிறகு இதைச் செய்ய முடியாது.

நம் மாமியார் வீட்டுப் பெட்டியில் 'ரீடெய்ல்' என்றே வந்தது என்று வைத்துக்கொள்வோம். மகன் ஊரிலிருந்து வந்தபோது பூட்டிக் கொடுத்த பெட்டி. விண்டோஸை முழு விலைக்கு வாங்கியிருக்கிறான். "அப்போது அவ்வளவு பணமா என்று அவனைத் திட்டினேனே!" என்று மாமியார் இப்போது உருகுகிறார்.

குடி போகும் நாள்

நகல் எடுப்பதற்கு 'டிஸ்க்-டு-வி.எச்.டி.' என்ற சிறு கருவி உண்டு. மைக்ரோசாப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் பிரிவு இலவசமாகக் கொடுப்பது. பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, உள்ளதை உள்ளபடி ஒரே ஃபைலாக எழுதிவிடும். வெளி ஹார்டு டிஸ்கில் எழுதச் சொல்வது நல்லது. விர்ச்சுவல் பாக்ஸில் ஓட்டப் போவதானால், கருவியில் இருக்கும் 'வி.எச்.டி.எக்ஸ்.' என்ற கட்டத்தின் குறியை எடுத்துவிட்டுப் பழைய 'வி.எச்.டி.' வகையாகவே எழுதச் சொல்லுங்கள். வன்தட்டில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் முதலில் அதை நீக்கிவிட வேண்டும்.

நகல் முடிந்ததும் பழைய பெட்டியை அணைத்துவிடுங்கள். அழித்துவிடாதீர்கள், அணைத்தால் போதும். பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் முன்பே தொட்டிலை விற்பார்களா?

இனிப் புதிய லாப்டாப்பில் விர்ச்சுவல் மெஷின் ஒன்றை உண்டாக்கி, அந்த ஃபைலையே அதன் வன்தட்டாகக் காட்ட வேண்டும். லாப்டாப்பில் 16 ஜி.பி. நினைவகம் இருந்தால் உள்ளே 4 ஜி.பி. கொடுக்கலாம். பழைய பெட்டி புது மாதிரி யு.இ.எஃப்.ஐ. முறையில் எழும்புவதாக இருந்தால், இங்கேயும் இ.எஃப்.ஐ. கட்டத்தில் குறி போட வேண்டும். இல்லையென்றால் கறுப்புத் திரைதான் வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நினைவகம், ப்ராசஸர், நெட்வொர்க் கார்டு முதலிய ஏற்பாடுகளையெல்லாம் இப்போதே ஸ்திரமாகச் செய்துவிடுங்கள். ஆக்டிவேட் செய்த பிறகு அவற்றைக் குடைந்துகொண்டிருந்தால், அடையாளம் மறுபடி மாறிப் போக இடமுண்டு. முதல் தடவை எழுப்பும்போது நெட்வொர்க்கைத் துண்டித்தே வையுங்கள். கணக்கு திறக்கிறதா, பாக்கிப் பட்டியல் சரியாக இருக்கிறதா, அச்சு வருகிறதா என்றெல்லாம் சாவகாசமாகப் பாருங்கள். எல்லாம் சரி என்றால் அப்புறம் இணையம்.

ஆக்டிவேட் செய்யும் முறை

இணையத்தைச் சேர்த்ததும் அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுள்ள கணக்கில் நுழையுங்கள். செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போனால் 'ட்ரபிள்ஷூட்' என்ற பொத்தான் இருக்கும். விண்டோஸ் 10இல் 'அப்டேட் அண்ட் செக்யூரிட்டி' என்ற தலைப்பின் கீழும், விண்டோஸ் 11இல் 'சிஸ்டம்' என்ற தலைப்பின் கீழும் ஆக்டிவேஷன் இருக்கிறது. அந்தப் பொத்தானை அமுக்கினால் விண்டோஸ் சற்று யோசிக்கும். பிறகு, 'சமீபத்தில் இந்தப் பெட்டியின் ஹார்டுவேரை மாற்றினேன்' என்ற அர்த்தத்தில் ஒரு வரி வரும். அதைத் தேர்ந்தெடுத்து, முன்பு இணைத்த அதே மைக்ரோசாப்ட் அக்கவுண்டின் பெயரையும் ரகசியச் சொல்லையும் கொடுங்கள்.

உடனே, உங்கள் பெயரில் பதிந்திருக்கும் கம்ப்யூட்டர்களின் ஜாபிதா ஒன்று தோன்றும். அதில் பழைய பெட்டியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'நான் இப்போது உபயோகிப்பது இந்தப் பெட்டிதான்' என்ற கட்டத்தில் குறி போட்டு, ஆக்டிவேட் என்று அமுக்க வேண்டும். மூலையில் தொங்கிய அறிவிப்பு மறைந்துவிடும்.

அக்கவுண்டை இணைக்கவே இல்லையா? சில்லறைச் சாவி கையிலிருந்தால் கவலை இல்லை. அதே பக்கத்தில் 'சேஞ்ச் புராடக்ட் கீ' என்ற இடத்தில் 25 எழுத்தையும் அடித்துப் பாருங்கள்.

ஒருவேளை மறுத்தால், பிழை எண் ஒன்று வரும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்211 என்று முடிந்தால், 'ஹார்டுவேர் மாறியிருக்கிறது' என்று அர்த்தம். மேலே சொன்ன முறையில் அது தீர வேண்டும். சி008 என்று முடிந்தால், 'இந்தச் சாவி வேறிடத்தில், அல்லது அனுமதிக்கு மேற்பட்ட இடங்களில் உபயோகத்தில் இருக்கிறது' என்று அர்த்தம். பழைய பெட்டியை யாராவது விளையாட்டாகப் போட்டுவிட்டார்களா என்று பாருங்கள்! இன்னொன்றும் பார்க்க வேண்டும்: ஹோம் பதிப்பின் லைசென்ஸ் ஹோம் பதிப்புக்குத்தான் செல்லும், புரொபஷனலுக்குச் செல்லாது. இத்தனை தடவைதான் மறுபடி ஆக்டிவேட் செய்யலாம் என்று கம்பெனி ஒரு வரம்பும் வைத்திருக்கிறது. ஆகையால் பரீட்சைக்காக அடிக்கடி செய்து பார்க்க வேண்டாம்.

எல்லாம் செய்தும் நடக்கவில்லையென்றால், மைக்ரோசாப்டின் உதவிப் பிரிவைத்தான் அணுக வேண்டும். பல வருஷம் வரை, திரையில் தோன்றும் அறுபது சொச்சம் இலக்கங்களைத் தொலைபேசியில் வரிசையாக ஒப்பித்து, அவர்கள் திருப்பிச் சொல்லும் 48 இலக்கங்களைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்வது வழக்கமாக இருந்தது. எழுதுகிறவருக்கு அஷ்டாவதானம் தெரிந்திருக்க வேண்டும்! எப்படி அணுகினாலும் வாங்கிய ரசீது கையிலிருந்தால் பேச்சு சுலபமாக முடியும்.

ஓ.இ.எம். என்றால் என்ன செய்வது?

லாப்டாப்போடு வந்த விண்டோஸ் என்று சீட்டு சொல்லிவிட்டால், உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அது புதிய இடத்துக்கு வராது. விண்டோஸ் 7இலிருந்து இலவசமாக 10க்கு ஏறியதாக இருந்தாலும், பழையது ஓ.இ.எம். என்றால் புதியதும் ஓ.இ.எம்.தான். விர்ச்சுவல் மெஷினுக்கு என்று தனியாக ஒரு சில்லறை லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பழைய விண்டோஸ் முழுவதும் வேண்டுமா, உள்ளே இருக்கும் கணக்கு மட்டும் போதுமா? பழைய பெட்டி ஓடும்போதே கணக்கையெல்லாம் எக்ஸெல் தாளாகவோ பி.டி.எஃப். ஆகவோ எடுத்து வைத்துவிட்டால், பாங்குக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். அரைப் படி அரிசிக்காக அரிசி மண்டியையே விலைக்கு வாங்குவானேன்?

அவசரப்படுகிறவர்களுக்கென்றே சிலர் கடை விரித்துக் காத்திருக்கிறார்கள். ஒரு சினிமா டிக்கெட் விலைக்கு விண்டோஸ் சாவி கிடைக்கும் என்று இணையத்தில் விளம்பரம் வரும். அவற்றில் பல, ஏதோ ஒரு ஆபீஸுக்கு மொத்தமாகக் கொடுத்த சாவிகள். இன்றைக்கு வேலை செய்யும். நாளைக்குக் கம்பெனி ரத்து செய்தால் பணம் போனது போனதுதான். அதைவிட மோசம், 'கிராக்' என்று இலவசமாகக் கிடைக்கும் போலிக் கருவிகள். அவற்றை ஓட்டுவதற்கு வைரஸ் தடுப்பை முதலில் அணைக்கச் சொல்வார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடனுக்குத் தாம்பூலம் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நீங்கள் கூப்பிடாமலே, "மைக்ரோசாப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் விண்டோஸ் காலாவதியாகிவிட்டது" என்று யாராவது தொலைபேசியில் சொன்னால், பதிலே சொல்லாமல் வைத்துவிடுங்கள். மைக்ரோசாப்ட் அப்படித் தானாகக் கூப்பிடுவதில்லை. சாவியையோ ரகசியச் சொல்லையோ பாங்கிலிருந்து வரும் ஓ.டி.பி.யையோ யாருக்கும் சொல்ல வேண்டாம்.

குடியேறிய பிறகு

ஆக்டிவேட் ஆனதும் விர்ச்சுவல் மெஷினை ஒழுங்காக ஷட் டவுன் செய்து, அதன் ஃபைல்கள் முழுவதையும் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். பின்னால் லாப்டாப்பையே மாற்ற நேர்ந்தால், அந்த ஃபைல்களைப் புதிய லாப்டாப்புக்குக் கொண்டு போனாலே போதும். அப்போது ஒரே ஓர் இடத்தில் கவனம் வேண்டும். வி.எம்.வேர் என்றால், "நகர்த்தினீர்களா, நகல் எடுத்தீர்களா?" என்று கேட்கும், நகர்த்தியதாகச் சொல்லுங்கள். நகல் என்று சொன்னால் பெட்டிக்குப் புதிய அடையாள எண் கொடுத்துவிடும். ஆக்டிவேஷன் தகராறு மறுபடி ஆரம்பமாகும். விர்ச்சுவல் பாக்ஸில் 'குளோன்' செய்யும்போதும் பழைய நெட்வொர்க் எண்களை அப்படியே வைத்துக்கொள்ளும்படி தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆதரவு நின்றுபோன விண்டோஸை இணையத்தில் உலவ விடுவது ஆபத்து. ஆகையால் ஆக்டிவேஷன் முடிந்ததும் விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிடலாம். கணக்கு எழுத இணையம் எதற்கு? ஈ-மெயில், பாங்கு வேலை முதலியவற்றைப் புதிய விண்டோஸில் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பழைய பெட்டி. ஒரு லைசென்ஸுக்கு ஓர் இடம் என்ற விதிப்படி அதிலிருந்து விண்டோஸை அகற்றிவிட வேண்டும். இரண்டு வாரம் கணக்கெல்லாம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு வன்தட்டை முழுவதும் அழித்துவிடலாம். விற்கப் போவதானால் அழிக்காமல் கொடுக்கவே கூடாது. உங்கள் குடும்பத்தின் வரவு செலவெல்லாம் அதில் அல்லவா இருக்கிறது?

உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட வீட்டில் மாமியார் லாப்டாப்பின் முன்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்குள் தெரியும் பழைய திரையைப் பார்க்கிறார். பிள்ளையார் இருக்கிறார். பாக்கிப் பட்டியல் இருக்கிறது. மூன்று வருஷக் கணக்கு அச்சாகி வந்துவிட்டது.

"அந்த மூணாவது தெரு அம்மாள் இன்னும் 640 ரூபாய் தரவேண்டும், பார்த்தாயா? பெட்டி போச்சு, கணக்கும் போயிருக்கும் என்று தைரியமாக இருப்பாள்!" என்கிறார்.

நகை வாங்கிய ரசீதை எந்தப் பெட்டகத்தில் வைத்திருக்கிறீர்களோ, விண்டோஸ் வாங்கிய ரசீதையும் 25 எழுத்துச் சாவியையும் அதிலேயே வையுங்கள். எந்த மைக்ரோசாப்ட் அக்கவுண்டுடன் இணைத்தோம் என்பதையும் கூடவே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். அதற்கு ஐந்து நிமிஷம் ஆகும். இன்று சாயங்காலம் காபி குடித்ததும் செய்துவிடலாம்.